நேரோபோட் வாங்கும் முன் அதைக் கட்டக் கரை தேடுங்கள்

லண்டன் பக்கம் வாடகை கொடுத்து மாளாமல், பேசாமல் ஒரு நேரோபோட் (ஒடுங்கிய நீளப் படகு) வாங்கிக் கால்வாயிலேயே குடியிருந்துவிடலாமா என்று கேட்கிறவர்கள் எல்லோரும் படகைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை அடி வாங்கலாம், எஞ்சின் எது நல்லது, உள்ளே குளிருமா. சரி, எங்கே கட்டப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால், அதான் நெடுகக் கரை கிடக்கிறதே என்பார்கள். கிடக்கிறது, உண்மைதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் கையில் மட்டும் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழி இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் படகைக் கட்டி வைத்துக்கொள்ளும் உரிமை, அதாவது மூரிங், தனிச் சரக்கு. படகு எப்போதும் விற்பனைக்குக் கிடைக்கும், நல்ல மூரிங் அப்படிக் கிடைக்காது. அதனால் முதலில் மூரிங், அப்புறம் படகு.

இதற்கு அளவுக் கணக்கும் ஒரு காரணம். நேரோபோட்டின் அகலம் பெரும்பாலும் 6 அடி 10 அங்குலம்தான், ஏனென்றால் குறுகிய கால்வாய்களின் லாக்குகள் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் மதகுகள்) ஏழடி சொச்சம் அகலத்தில் கட்டப்பட்டவை. நீளம் மட்டும் 30 அடியிலிருந்து 70, 72 அடி வரை போகும். 57 அடிப் படகு ஏறத்தாழ எல்லா இடத்துக்கும் போகும் என்பார்கள், வடக்கே கால்டர் அண்ட் ஹெபிள் கால்வாயின் லாக்குகள் அந்த அளவுக்குத்தான் இடம் கொடுக்கும். ஆனால் நீங்கள் விரும்பும் மெரினாவில் (படகுகளை வாடகைக்குக் கட்டும் துறையில்) காலியாக இருப்பது 50 அடி இடம் என்றால் உங்கள் 57 அடி அங்கே எதற்கும் ஆகாது. வாடகையும் மீட்டர் கணக்கில்தான், சில இடங்களில் அடிக் கணக்கில். நீளம் கூடினால் மாதாமாதம் பணம் கூடும். படகை வாங்கிவிட்டு இடம் தேடினால் பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது

1995இல் வந்த பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டத்தின் 17ஆம் பிரிவுதான் இதற்கெல்லாம் அடிப்படை. படகுக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால் காப்பீடு வேண்டும், நான்கு வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும், மூன்றாவதாக ஒன்று: நிரந்தர மூரிங் இருக்க வேண்டும், அல்லது எந்த ஓர் இடத்திலும் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்காமல் உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும். இரண்டாவது வழியில் போகிறவர்களைத்தான் கன்டினியுவஸ் குரூசர் என்கிறார்கள்.

கேட்க எளிதாக இருக்கும். 14 நாளுக்கு ஒருமுறை நகர்த்தினால் போச்சு, மூரிங் வாடகையே மிச்சம் என்று தோன்றும். ஆனால் பாலத்துக்கு இந்தப் பக்கம் 14 நாள், அந்தப் பக்கம் 14 நாள் என்று மாறி மாறிக் கட்டினால் அது பயணம் ஆகாது. இத்தனை மைல் போக வேண்டும் என்று சட்டத்தில் எண் இல்லை, ஆனால் ஒரு லைசென்ஸ் காலம் முழுக்க 20 மைலுக்கும் குறைவான தூரத்துக்குள்ளேயே சுற்றினால் அதை ஏற்பது அரிது என்று டிரஸ்ட் எழுதி வைத்திருக்கிறது. அவர்களின் ஆட்கள் கரையில் நடந்து எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டே போவார்கள். 2024 ஏப்ரல் முதல் மூரிங் இல்லாத படகுகளுக்கு லைசென்ஸில் கூடுதல் கட்டணமும் உண்டு, 5 சதவீதத்தில் தொடங்கி 2028க்குள் 25 சதவீதம் வரை ஏற்றுவதாக அறிவித்திருக்கிறார்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளை, தினமும் ஒரே அலுவலகம், மாதம் ஒருமுறை ஒரே மருத்துவமனை என்று இருப்பவர்களுக்கு இந்த நாடோடி வாழ்க்கை லேசில் ஒத்துவராது. ஒத்துவரும் என்று சொல்லிப் படகு விற்பவர்களை நம்ப வேண்டாம். எங்கோ ஒரு மூலையில் மலிவாக ஒரு மூரிங்கைப் பெயருக்கு வாங்கி வைத்துக்கொண்டு லண்டனில் சுற்றலாம் என்று ஒரு யோசனையும் காதில் விழும். மூரிங் இருந்தாலும், அதை விட்டு வெளியே நிற்கும்போது அதே 14 நாள் விதிதான் என்பது லைசென்ஸ் நிபந்தனைகளிலேயே இருக்கிறது.

இன்னொன்று, எல்லா மூரிங்கும் குடியிருக்க அல்ல. லெஷர் மூரிங் என்பது படகை நிறுத்தி வைத்து வார இறுதியிலும் விடுமுறையிலும் வந்து போவதற்கு. ரெசிடென்ஷியல் மூரிங்கில்தான் அதையே முகவரியாக வைத்து வருடம் முழுக்க வாழலாம், அதற்கு உள்ளூர் கவுன்சிலின் திட்ட அனுமதி அந்த இடத்துக்கு இருக்க வேண்டும், கவுன்சில் டாக்ஸும் வரும். இந்த அனுமதி உள்ள இடங்கள் குறைவு, அதனால்தான் விலையும் அதிகம். லெஷர் மூரிங்கில் சத்தமில்லாமல் குடியிருக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு, நிர்வாகமும் கண்டும் காணாமல் இருக்கும். ஆனால் யாராவது ஒருவர் புகார் கொடுத்தால் ஒரு கடிதத்தில் எல்லாம் முடிந்துவிடும். தபால், வங்கிக் கணக்கு, டாக்டரிடம் பதிவு என்று முகவரி கேட்கும் ஒவ்வோர் இடத்திலும் தடுமாற வேண்டியிருக்கும். தெரிந்து எடுத்தால் சரி, தெரியாமல் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

எங்கே தேடுவது

டிரஸ்ட் தன் மூரிங்குகளை வாட்டர்சைடு மூரிங்ஸ் என்ற பெயரில் இணையத்தில் வெளியிடுகிறது. எந்த ஊர், எத்தனை மீட்டர், குடியிருக்கலாமா, தண்ணீர், மின்சாரம் உண்டா என்று விவரம் இருக்கும். மெரினாக்களுக்கு நேரடியாகப் போன் செய்யுங்கள், இணையதளத்தில் "இடமில்லை" என்று போட்டிருந்தாலும் செய்யுங்கள், காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டு நேரிலும் ஒருமுறை முகம் காட்டிவிட்டு வாருங்கள். பட்டியல் என்று சொன்னாலும், இடம் காலியானதும் மேலாளர் மனதில் முதலில் வருபவர் நேரில் பார்த்துப் பேசின ஆள்தான்.

விளம்பரத்துக்கே வராதவை வேறு இருக்கின்றன, என் கணக்கில் நல்ல இடங்களில் பாதி அங்கேதான். கரைப்பாதைக்கு எதிர்க்கரையில் நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் வயலோரமாகப் பத்துப் பதினைந்து படகுகளைக் கட்டவிட்டு வாடகை வாங்குவார்கள். வசதி பெரிதாக இருக்காது, ஒரு தண்ணீர்க் குழாய், வண்டி நிறுத்த ஒரு சேற்றுத் திடல், அவ்வளவுதான். ஆனால் அமைதியும் மலிவும் சேர்ந்து கிடைப்பது இங்கேதான். படகு கிளப்புகளுக்கும் சொந்த மூரிங் உண்டு. உறுப்பினராகி, புல் வெட்டுகிற நாளில் போய் நாலு வேலை செய்தால், இடம் வரும்போது கூப்பிடுவார்கள். சிலர் தங்கள் வீட்டுத் தோட்டத்து ஓரத்தையே வாடகைக்கு விடுவார்கள், அதற்கு வீட்டுக்காரர் சொன்னால் மட்டும் போதாது, டிரஸ்ட்டின் அனுமதியும் வேண்டும், அதைக் கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க ஒரே வழி, நீங்கள் வாழ நினைக்கும் பகுதியின் கரைப்பாதையில் நடப்பது, எதிர்க்கரையில் கட்டியிருக்கும் படகுகளைப் பார்ப்பது, கூரையில் விறகு அடுக்கிக்கொண்டிருப்பவரிடம் இது யார் இடம் என்று கேட்பது. படகுக்காரர்கள் பேசுவதற்கு அலுக்காதவர்கள், டீ போடுகிறேன் என்று சொல்லிவிட்டால் ஒரு மணி நேரம் போய்விடும், அந்தக் கால்வாயின் வரலாறு, வம்பு எல்லாம் வந்துவிடும்.

விற்பனை விளம்பரத்தில் "லண்டன் மூரிங்குடன்" என்று இருந்தால் மட்டும் உஷார். படகு கைமாறினால் மூரிங்கும் தானாகக் கைமாறும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மூரிங்கின் உரிமையாளரிடமிருந்து உங்கள் பெயருக்கு எழுத்தில் வரும் வரை அந்த வார்த்தைக்கு ஒரு பவுண்டு கூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

நேரில் போகும்போது

ஒரே இடத்தை இரண்டு முறை பாருங்கள். ஒருமுறை ஞாயிறு பகல், ஒருமுறை வார நாளில் இருட்டின பிறகு. பகலில் வாத்தும் வில்லோ மரமுமாக இருக்கும் இடம் இரவில் வேறு மாதிரி இருக்கும். வீடன் போன்ற ஊர்களில் கிராண்ட் யூனியன் கால்வாயை ஒட்டியே பெரிய ரயில் பாதை போகிறது, பகலில் காதில் உறைக்காத சரக்கு வண்டி ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலை அதிரவைக்கும். மதுக்கடைக்கு அருகில் கட்டினால் வசதி என்று வெள்ளிக்கிழமை இரவைப் பார்க்காதவர்கள்தான் சொல்வார்கள்.

கையோடு ஒரு நீளக் கழி கொண்டுபோங்கள். படகின் அடிப்பக்கம் தண்ணீருக்குள் இரண்டு, இரண்டரை அடி இறங்கியிருக்கும். கரையோரமாகக் கழியை விட்டு, படகின் நீளம் முழுக்க நாலைந்து இடத்தில் ஆழம் பாருங்கள். மேலே தண்ணீர் நிறைந்து தெரிந்தாலும் கீழே சேறு மேடிட்டிருக்கும், கல் கிடக்கும். ஷ்ரோப்ஷயர் யூனியன் கால்வாயில் நீருக்கடியில் கரையை ஒட்டித் திண்ணை மாதிரி ஒரு படி நீண்டு நிற்கிறது, படகு அதில் இடித்து நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கத்துப் படகுக்காரர்கள் சின்ன டயரைக் கயிற்றில் கட்டி நடுவில் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கலாம்.

அப்புறம் கரையின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். கல்லில் பதித்த வளையமோ தறியோ இருந்தால் நல்லது. இரும்புத் தகடு அடித்த விளிம்பு என்றால் தகட்டுக்கும் மேலே ஓடும் கம்பிக்கும் நடுவே கொக்கியை மாட்டலாம், அதுவும் பலம்தான். வெறும் மண்கரை என்றால் முளை அடிக்க வேண்டும், மழைக்காலத்தில் மண் இளகினால் பக்கத்தில் வேகமாகப் போகும் ஒரு படகு இழுக்கிற இழுப்பில் முளை பிடுங்கிக்கொண்டு வரும். கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல், கட்டியிருக்கும் படகுகளைத் தாண்டும்போது அதிலும் குறைக்க வேண்டும். எல்லோரும் குறைப்பார்களா என்றால், விடுமுறைக்கு வாடகைப் படகு எடுத்து வருபவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

லாக்குக்கு அருகில் உள்ள இடம் கோடையில் வேடிக்கை பார்க்க அருமையாக இருக்கும். ஒவ்வொரு தடவை லாக்கைத் திறக்கும்போதும் தண்ணீர் பாய்ந்து உங்கள் படகை முன்னும் பின்னும் இழுக்கும், கயிறு தேயும், அலமாரியில் இருப்பது நகரும். இரண்டு லாக்குகளுக்கு நடுவே உள்ள சின்னத் துண்டில் கட்டுவது அதைவிடத் தொல்லை, கதவு ஒழுகினால் இரவோடு இரவாகத் தண்ணீர் வடிந்து, காலையில் கட்டிலிலிருந்து சுவரோரம் உருண்டிருப்பீர்கள். 2025 கோடையில் மழை பொய்த்தபோது லீட்ஸ் அண்ட் லிவர்பூல் உட்படப் பல கால்வாய்களில் லாக்குகளையே மூடினார்கள், அங்கே மூரிங் வைத்திருந்தவர்கள் வாரக்கணக்கில் நகர முடியாமல் நின்றார்கள். லண்டனில் கௌலி லாக்கிலிருந்து பாடிங்டன் வழியாகக் கேம்டன் வரை ஒரு லாக் கூட இல்லாத நீண்ட நீர்ப்பரப்பு, நகர்வது சுகம். ஆல்பெர்ட்டனில் கரையேறினால் ஈலிங் ரோடு, கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் நடந்துபோய் வாங்கலாம். அதனாலேயே அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆற்று மூரிங் என்றால் தனியாக யோசியுங்கள். கால்வாயில் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும், ஆறு அப்படி இல்லை. சோர், ட்ரென்ட், தேம்ஸ் போன்றவற்றில் குளிர்கால மழைக்குப் பிறகு மட்டம் கிடுகிடுவென ஏறும். கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தால் படகின் ஒரு பக்கம் மேலே வர முடியாமல் சாயும், தளர விட்டிருந்தால் வெள்ளத்தோடு கரைமேல் ஏறி, தண்ணீர் வடியும்போது அங்கேயே உட்கார்ந்துவிடும். பான்டூன் என்ற மிதக்கும் மேடை, ஏறி இறங்கும்படி உயரமான தூண்களில் மாட்டியிருக்கிறதா, போன வெள்ளத்தில் நடைபாதை மூழ்கியதா, அப்போது ஆட்கள் எப்படி வெளியே வந்தார்கள் என்று பக்கத்துப் படகில் கேளுங்கள்.

வெளிச்சத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். டிசம்பர் மத்தியானத்தில் லண்டன் பக்கம் சூரியன் தொடுவானத்திலிருந்து 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கே ஒரு மேடோ அடர்ந்த வேலியோ இருந்தால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை படகுக்குள் வெயிலே எட்டிப் பார்க்காது, சோலார் தகடு சும்மா கிடக்கும். ஷ்ரோப்ஷயர் யூனியனில் உள்ள உட்சீவ்ஸ் போல மலையைக் குடைந்து வெட்டின ஆழமான பகுதிகளில் போன் சிக்னலும் போய்விடும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் போனை எடுத்து, கரையில் நின்று அல்ல, ஏதாவது ஒரு படகின் உள்ளே போய் வேகம் பார்க்க வேண்டும், இரும்புக் கூடு பாதி சிக்னலை விழுங்கிவிடும். மரத்தடியில் கட்டுவது அழகு, ஆனால் பிசின், பறவை எச்சம், இலை எல்லாம் கூரைமேல்.

சுமக்கிற தூரத்தையும் அளந்து பாருங்கள். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து படகு வரை 25 கிலோ நிலக்கரி மூட்டையோடும் எரிவாயு சிலிண்டரோடும் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கழிப்பறையின் 20 லிட்டர் கேசட்டைக் (கழிவுத் தொட்டியை) கொட்டும் இடம்வரை தூக்க வேண்டும், அது வாரத்துக்கு இரண்டு முறை வரும் வேலை, பனி பெய்தாலும் வரும். நிலக்கரியும் டீசலும் ஏற்றிக்கொண்டு படகிலேயே வந்து விற்பவர்கள் அந்தப் பக்கம் வருவார்களா என்று கேளுங்கள், வந்தால் பாதிச் சுமை குறையும்.

மின்சாரம் இருக்கிறது என்று சொன்னால் எத்தனை ஆம்பியர் என்று கேட்க வேண்டும். 16 ஆம்பியர் என்றால் சுமார் மூன்றரை கிலோவாட், குறைந்த வாட் கெட்டிலும் ஒரு சின்ன ஹீட்டரும் சேர்ந்து ஓடும். அதைவிடக் குறைந்த இணைப்புகளும் உண்டு, சோறு வைத்துக்கொண்டே ஹீட்டர் போட்டால் உடனே டிரிப் ஆகும். யூனிட் விலை எவ்வளவு, கார்டு போடும் மீட்டரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. கரை மின்சாரத்தின் எர்த் கம்பி பக்கத்துப் படகுகளின் இரும்பையும் உங்கள் இரும்பையும் இணைத்துவிடுகிறது, தண்ணீர் நடுவில் இருக்கிறது, ஆக மொத்தம் ஒரு பெரிய பேட்டரி. உங்கள் படகின் அடித்தகடு சத்தமில்லாமல் அரிக்கப்படும். அதைத் தடுக்கும் கால்வனிக் ஐசொலேட்டர் என்ற கருவியைப் பொருத்தாமல் மெரினாவில் பிளக்கை மாட்டாதீர்கள்.

சில்லறை விஷயங்கள்: படகைத் திருப்பும் அகலமான இடம் எத்தனை மைலில் இருக்கிறது, மீன்பிடி கிளப்பின் எண் பலகைகள் கரையில் நட்டிருக்கின்றனவா, எதிர்க்கரைக் காலி நிலத்தில் அடுக்குமாடி வரப்போகிறதா (கவுன்சில் இணையதளத்தில் திட்ட விண்ணப்பங்களைத் தேடினால் தெரிந்துவிடும்). விடிகாலையில் படகை யாரோ தட்டுகிற சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், நீர்மட்டக் கோட்டில் ஒட்டிய பாசியை வாத்துகள் கொத்துகின்றன, அது எந்த மூரிங்கிலும் இலவசம்.

ஒப்பந்தம்

மூரிங் ஒப்பந்தம் வீட்டு வாடகை ஒப்பந்தம் மாதிரி அல்ல. பெரும்பாலும் அது வெறும் அனுமதிதான், வீட்டுக் குடித்தனக்காரருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு இதில் கிடைக்காது. அதனால் முன்னறிவிப்பு எத்தனை வாரம், வாடகையை வருடத்துக்கு எவ்வளவு ஏற்றலாம், படகை விற்றால் என்ன ஆகும், இரவு தங்குவதற்கு எண்ணிக்கை உண்டா, விருந்தினர் தங்கலாமா, வாடகைக்கு விடலாமா, வெல்டிங், பெயின்ட் வேலை செய்யலாமா என்று ஒவ்வொன்றாகப் படியுங்கள். நீளம் என்பதில் முன்னும் பின்னும் தொங்கும் ஃபெண்டரும் (இடி தாங்கும் மெத்தை) சுக்கான் கம்பும் சேருமா என்று கேளுங்கள், அதில் இரண்டடி வித்தியாசம் வரும். கரையைச் சீர்செய்யவோ தூர்வாரவோ இடம் மாற்றச் சொன்னால் மாற்று இடம் தருவார்களா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இடம் கிடைக்கும் வரை

வழியில் எங்கும் தடை போடாத கரைப்பாதை ஓரத்தில் 14 நாள் வரை கட்டலாம். விசிட்டர் மூரிங் என்று பலகை வைத்த இடங்களில் 24 மணி நேரம், 48 மணி நேரம், 7 நாள் என்று பலகை சொல்வதுதான் கணக்கு, லண்டனின் சில இடங்களை முன்பதிவு செய்தே கட்ட வேண்டும். லாக்குக்கு முன்னே ஆட்கள் இறங்கும் மேடை, பாலத்தடி, வளைவு, தண்ணீர் பிடிக்கும் இடம், படகு திருப்பும் இடம் இவற்றில் கட்டவே கூடாது. இரவு 8 முதல் காலை 8 வரை கட்டியிருக்கும் இடத்தில் எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓட்டக்கூடாது.

குளிர்காலத்துக்கு மட்டும் டிரஸ்ட் விற்கும் வின்டர் மூரிங், நவம்பரிலிருந்து பிப்ரவரி முடிய ஒரே இடத்தில் நிற்கவிடும். புதிதாகப் படகுக்கு வருபவர்கள் அதையோ, ஒரு மெரினாவில் இரண்டு மூன்று மாதக் குறுகிய கால இடத்தையோ முதலில் எடுத்துப் பார்க்கலாம். கோடை முடிந்து வருடக் கணக்கைப் புதுப்பிக்காதவர்கள் கிளம்பிவிடுவதால் மெரினாக்களில் ஓரளவு இடம் இருக்கும் காலமும் அதுதான், போன் செய்வதென்றால் செப்டம்பர் கடைசியில் தொடங்குங்கள்.